பக்கத்துக்கு எண்பது ரூபாய்

தம்புச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள் கடைக்கும் நடுவே
ஒன்றரை ஆள் உட்காரும் இடம் என்னுடையது.
பக்கத்துக்கு எண்பது ரூபாய்.
அவசரம் என்றால் நூறு என்று எழுதி வைத்திருக்கிறேன்,
வாங்கியதில்லை.
ஹைகோர்ட்டுக்கு எதிரில் யாருக்குத்தான் அவசரமில்லை.

ஆங்கிலத்தில் பிரேக் என்றொரு வினை.
எதைக் கொடுத்தாலும் அது ஒன்றே பார்த்துக்கொள்ளும்.
நமக்கு அப்படி முடியாது,
பொருளைக் கேட்காமல் வாயில் சொல் எழாது.
பானையா, உடையும்.
நூலா, அறும்.
துணி கிழியும், கண்ணாடி நொறுங்கும்,
சுவர் முதலில் விரிசல் விடும், பிறகுதான் இடியும்.
எனவே இருபத்திரண்டு வருஷமாக
அந்தச் சொல்லைக் கண்டதும்
எது, எது என்று வாக்கியத்தின் பைகளைத் துழாவுகிறேன்.
வாக்கு என்றால் தவறினார்.
சட்டம் என்றால் மீறினார்.
கல்யாணம் என்றால்
ஒரு டீ சொல்லிவிட்டு யோசிப்பேன்.

செவ்வாய்க்கிழமை
காசிமேட்டிலிருந்து நாகவல்லி வந்தாள்.
வலது கையில் மாவுக்கட்டு,
அதன்மேல் காய்ந்து ஒட்டிய ஒரு மீன்செதில்.
புருஷன் டில்லிபாபு கோர்ட்டில் போட்ட பதில் மனு,
நாலு பக்கம்.
"இன்னா எழுதிக்கீறான்னு பாத்து சொல்லு சார்."

மூன்றாம் பக்கம், ஏழாவது பத்தி:
வாக்குவாதத்தின்போது மனுதாரரின் மணிக்கட்டு,
அடுத்து அந்த வினை, இறந்தகாலத்தில்,
அடுத்து முற்றுப்புள்ளி.

எலும்புக்குச் சொல் தேட வேண்டியதில்லை.
முறிந்தது என்று எழுதி
வாசித்துக் காட்டினேன்.

"தானாவா?" என்றாள்.
"தானா முறியறதுக்கு
அது இன்னா முருங்கைக் கிளையா?"

கைதவறி விழுந்த தம்ளருக்கும்
அதைச் சுவரில் வீசியவனுக்கும்
அங்கே எழுத்துக்கூட்டல் ஒன்றுதான்.
ஆளை முன்னால் நிறுத்தலாம்,
அல்லது தம்ளரை நிறுத்திவிட்டு
ஆள் பின்வாசல் வழியாகப் போய்விடலாம்.
தமிழில் வினையே காட்டிக் கொடுத்துவிடும்.
முறிந்தது: மெல்லினம், தானாக நடந்தது.
முறித்தது: வல்லினம், யாரோ செய்தது.
நடுவில் ஒரே ஒரு மெய்.

அந்த ந் மேல் என் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.
தாளின் அடியில் என் முத்திரை காத்திருந்தது:
மூலத்துக்கு மாறாத மொழிபெயர்ப்பு.

"மாத்தாத சார்," என்றாள்.
"அவன் எங்க பூந்து ஒளிஞ்சினுகீறான்னு
தமிழ்ல எனக்குத் தெரியணும்.
இப்ப வேற பேப்பர் எடு. நான் சொல்றேன்."

சொன்னாள்,
ஏலத்தில் எடை சொல்லும் குரலில்,
தணிக்காமல்.
சீட்டுப் பணம் கேட்டது.
ஐஸ் பெட்டியில் அவள் கை இருந்தது.
மூடியை இறக்கி அதன்மேல் முழங்காலை ஊன்றியது.
ரெண்டு தபா.
ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது,
ஜெராக்ஸ் பையன்தான் தாள் எடுக்க மறந்து நின்றான்.

முறித்தான் என்று எழுதிக்கொண்டேன்.
வக்கீலுக்கு ஆங்கிலத்தில் வேண்டும் என்றாள்.
தட்டினேன். சுற்றி வந்து பார்த்தால்
அதே வினை,
அதே இறந்தகாலம்,
ஓர் எழுத்தும் கூடவில்லை, குறையவில்லை.
மணிக்கட்டு மட்டும் பின்னால் போயிருந்தது.
முன்னால்,
வாக்கியத்தின் முதல் பெரிய எழுத்தாக,
டில்லிபாபு.

இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.
நா வந்துவிட்டது, க வந்துவிட்டது,
வல்லிக்குத்தான் நேரம் பிடித்தது.

ஐந்து பக்கம், நானூறு.
ஐந்நூறு தாளை நீட்டினாள். என்னிடம் சில்லறை இல்லை.
கரும்புச்சாறு கடையில் மாற்றி வரப் போனேன்.
நோட்டை மாற்றுவதற்கும்
ஆங்கிலத்தில் அதே சொல்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
நூறு ரூபாயை இடது கையில் கொடுத்தேன்,
வழக்கமில்லாமல்.